தேமல் விழுந்த மூலை

செவ்வாய்க்கிழமை மதியம் கம்பெனி வேனிலிருந்து அந்தப் பழைய புரொஜக்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார் ஸ்லைடு சார். இறங்கியவர் நேரே உள்ளே போகாமல் தன் வீட்டு வாசலிலேயே அந்நியர் போல நின்றார். உள்ளே அவர் மனைவி மேஜையைத் துடைத்து, பழைய போர்வையை நான்காக மடித்து அதன்மேல் விரித்து வைத்திருந்தாள்.

"என்னங்க நிக்கிறீங்க? புதுப்பொண்ணு மாதிரி வாசல்ல என்ன தயக்கம்? கொண்டாங்க."

"கனமா இருக்கு."

"ஆறு கிலோ இருக்குமா? போன வாரம் அரிசி மூட்டை தூக்கிட்டு வந்தப்பகூட இப்படி மூச்சு வாங்கலையே."

தெருவில் அவளுக்கு லென்ஸக்கா என்று பெயர். முன்னறைதான் பட்டறை. வேலை பார்த்த சர்வீஸ் சென்டரை மூடிவிட்டபோது அழாமல் கொள்ளாமல் தன் திருப்புளிகளையும் சாலிடரிங் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். பத்து வருடமாகப் பள்ளிக்கூடங்களும் டியூஷன் சென்டர்களும் தூக்கிப்போட நினைத்த புரொஜக்டர்களை எல்லாம் எழுப்பி உட்காரவைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கணவருக்கு ஒரு பஸ் கம்பெனியில் ரெக்கார்டு பிரிவில் வேலை. மாதக் கூட்டத்துக்கு ஸ்லைடு செய்து போடுவது அவர்தான் என்பதால் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவரை ஸ்லைடு சார் என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கம்பெனியின் புரொஜக்டர்தான் இப்போது போர்வைமேல் உட்கார்ந்திருந்தது.

எட்டு வருடம் மீட்டிங் அறையின் கூரையில் தலைகீழாகத் தொங்கிய புரொஜக்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் படத்தின் வலது கீழ் மூலையில் மஞ்சளாக ஒரு படை விழுந்தது. தேமல் என்று யாரோ பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. தேமல் இருக்கும் இடத்தில் நீல நிறம் மட்டும் வராது. வெள்ளையெல்லாம் மஞ்சளாகும். கறுப்புப் பட்டை போட்டு அதில் நீல எழுத்தில் எதையாவது எழுதினால் பட்டைதான் தெரியும், எழுத்து தெரியாது. இதைக் கண்டுபிடித்தவர் ஸ்லைடு சார். கண்டுபிடித்தவர் சும்மா இருக்காமல் அதை மேனேஜரிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னார். அங்கே பிடித்தது சனி.

பிரேக் பரிசோதனைத் தேதி தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் பட்டியலை மாதக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகத்தின் உத்தரவு. காட்டிய பிறகு 'அனைவருக்கும் காட்டப்பட்டது' என்று நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பட்டியலில் இருக்கும் வண்டியை அன்றைக்கே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் நடை குறையும், மேனேஜருக்கு ஓலை வரும். "தேமல்ல போடுங்க சார்" என்றார் மேனேஜர். ஸ்லைடு சார் போட்டார். மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். வரியையே எடுத்துவிட்டால் அது மறைத்த குற்றம். போட்டும் தெரியவில்லை என்றால் அது புரொஜக்டரின் கோளாறு. இந்த வித்தியாசத்தின்மேல் பாயை விரித்துத்தான் அவர் இத்தனை நாள் தூங்கினார்.

இந்த மாதம் பட்டியலில் ஏழு வண்டிகள். நான்காவதாக இருப்பது நாற்பத்தேழாம் நம்பர் வண்டி. அதை ஓட்டுகிறவன் லென்ஸக்காவின் தம்பி. வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு இரண்டு வேளையும் இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அக்காவுக்கும் தம்பிக்கும் இந்தத் தேமல் சங்கதி எதுவும் தெரியாது.

புதிதாக வந்த பெரிய அதிகாரி ஒரு பெண்மணி. போன கூட்டத்தில், புது புரொஜக்டர் கேட்ட காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு, "இதை ஏன் தூக்கிப் போடணும்? சரி பண்ண ஆள் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். மேனேஜருக்கு எதிலும் முந்திக்கொள்ளும் வாய். "நம்ம ஸ்லைடு சார் வீட்டம்மாவே பண்ணுவாங்க மேடம்" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. புதிது வாங்குவதென்றால் காகிதம் நகர ஆறு மாதம் ஆகும், அதற்குள் எவ்வளவோ மாறும். ரிப்பேர் என்றால் மூன்றே நாள். வெள்ளிக்கிழமை கூட்டம்.

மதியம் தம்பி ட்யூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தான். சோறு, பருப்பு, ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. வெளியே மேகம் கவிந்து நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. மின்விசிறியின் காற்றே சுட்டது.

"அக்கா, அந்த நாப்பத்தேழுக்கும் வயசாயிடுச்சு. பெடல் ஆழமா போகுது. ஒரு மிதிக்கு நிக்க மாட்டேங்குது, ரெண்டு மிதி கேக்குது."

"ஷெட்ல சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொல்லாம இருப்பேனா? ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு மிதி போதும்னு நக்கலடிக்கிறான் மெக்கானிக். ஏன் மாமா, செக்கிங் தேதியெல்லாம் உங்க கிட்டதானே இருக்கும்? நாப்பத்தேழுக்கு எப்ப வருதுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

ஸ்லைடு சார் முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய முட்டை வைத்திருக்கிற மனிதரிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் எவ்வளவு நேரம்தான் ஒரு முட்டையை மெல்ல முடியும்?

"பாக்கறேன் மாப்ள" என்றார் கடைசியில்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. நாற்பத்தேழு பட்டியலில் ஏறிய முதல் மாதமே ஷெட்டுக்குப் போய்க் கேட்டார். சாமான் வரவில்லை என்றார்கள். மேனேஜரிடம் போனார். "தேதிதான் சார் தாண்டியிருக்கு, பிரேக் தாண்டலையே. உங்க மச்சினன்னா தனிச் சட்டமா?" என்று அவர் சிரித்தார். தனிச் சட்டம் கேட்பது தப்பு என்று ஸ்லைடு சாருக்கும் பட்டது. தப்பு செய்யக் கூடாது என்று திரும்பி வந்து, நாற்பத்தேழை நீல எழுத்தில் தட்டினார். இப்படியும் சில நல்லவர்கள் இருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பென்டிரைவை எடுத்து லென்ஸக்காவின் லேப்டாப்பில் செருகி, இன்னும் கழற்றாத புரொஜக்டரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, போன மாத ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஓட்டினார்.

"இந்தா பாரு. தலைப்பு தெரியுதா?"

"தெரியுது."

"கோடு, கட்டம் எல்லாம் தெரியுதா?"

"அதுவும் தெரியுது. மூலைதான் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு."

"எட்டு பேரு உட்காருற ரூமுக்கு இது போதாதா? நீ லேம்ப்பை மாத்து, தூசியை எடு, கத்தற ஃபேனை சரி பண்ணு. அந்த மூலையைத் தொடாதே."

"ஏன்?"

"அதைத் தொட்டா மத்ததும் கெட்டுப் போயிடும்."

"யார் சொன்னா?"

"பொதுவா சொல்றேன்."

"பொதுவா நானும் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. ஸ்லைடை நீங்க பாருங்க, புரொஜக்டரை நான் பார்க்கறேன். இது மட்டும் நல்லா அமைஞ்சுதுன்னா மத்த கிளைங்கள்ல இருக்கற பதினோரு புரொஜக்டரும் நம்ம வீட்டுக்குத்தான் வரும்னு அந்தம்மா சொன்னாங்களாமே? நீங்கதானே வந்து சொன்னீங்க?"

சொன்னது அவர்தான். பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியாமல் எழுந்து வாசலுக்குப் போனார். பென்டிரைவ் லேப்டாப்பிலேயே இருந்துவிட்டது.

புதன்கிழமை லென்ஸக்கா புரொஜக்டரைத் திறந்தாள். கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் ஒரு வெள்ளைத்தாளில், அது இருந்த இடத்தைக் கோடுபோட்டுக் காட்டி, அங்கேயே டேப் வைத்து ஒட்டுவது அவள் வழக்கம். மேல்மூடி வந்ததும் எட்டு வருடத்துத் தூசி பூனைக்குட்டி அளவுக்குச் சுருண்டு கிடந்தது. அதைப் பெயின்ட் பிரஷால் வாரி எடுத்தாள். காற்று இழுக்கும் பஞ்சு அடைத்துக் கல்லாகியிருந்தது. அடைத்துக்கொண்டதால் சூடு, சூட்டினால் தேமல். அவளுக்கு எல்லாம் ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

உள்ளே லேம்ப்பின் வெளிச்சம் மூன்றாகப் பிரியும். சிவப்புக்கு ஒரு வழி, பச்சைக்கு ஒரு வழி, நீலத்துக்கு ஒரு வழி. நீலத்தின் வழியில் ஒரு சின்னக் கண்ணாடி, அதன்மேல் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மெல்லிய தாள். அந்தத் தாள்தான் ஒரு மூலையில் தேயிலைக் கறை போலப் பொசுங்கியிருந்தது. கடையில் இது தனியாகக் கிடைக்காது. செத்துப்போன வேறொரு புரொஜக்டரிலிருந்து எடுத்து அவள் டப்பாவில் பூட்டி வைத்திருந்த நல்ல தாள் ஒன்று இருந்தது. அதை இடுக்கியால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு தாளின்மேல் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் திருப்பினால் தெளிவு, கால்வாசி சுற்றினால் கும்மிருட்டு. தாளைப் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டால் நீலமே செத்துப்போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

மூச்சைப் பிடித்த நேரத்தில்தான் போன் அடித்தது.

"சாப்பிட்டியா?" என்றார் ஸ்லைடு சார்.

"மணி பத்துங்க."

"இல்ல, சும்மா கேட்டேன். மூலையைத் தொட்டுட்டியா?"

"தொடப் போறேன்."

பதினொரு மணிக்குப் போன். பன்னிரண்டே காலுக்குப் போன். இரண்டரைக்குத் தலைவலி என்று சொல்லி அவரே வந்து நின்றார். உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார், குடித்த டம்ளரையே மறுபடி எடுத்துக் கழுவினார். வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்த நடையில் டிரேயில் இருந்த திருப்புளிகள் கலகலத்தன.

"ஒரு இடத்துல இருங்களேன். குட்டி போட்ட பூனை மாதிரி என்ன இது?"

"புழுக்கமா இருக்கு."

"புழுக்கம் எனக்கும்தான் இருக்கு. உள்ள லேம்ப்பு வேற எரியுது."

"அந்தப் பழைய தாளை எறிஞ்சுட்டியா?"

"இருக்கு, சாசர்ல. ஏன், பொரிச்சுத் தின்னப் போறீங்களா?"

அவர் சாசரைப் பார்த்தார். ஒரு நகத்தளவுத் தாள். மூன்று வருடம் அவருடைய வேலையையும் மேனேஜரின் வேலையையும் தாங்கிய தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வரும் போல இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்தது. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அறையை இருட்டாக்கி, லென்ஸக்கா சுவரில் வெள்ளையைப் பாய்ச்சினாள். மூலையிலிருந்து மூலை வரைக்கும் ஒரே வெள்ளை. தனியாக நின்று கையைத் தட்டிக்கொண்டாள். பிறகு கட்டம் போட்ட படம், நிறப் பட்டைகள், எல்லாம் சரி. ஆனால் இவையெல்லாம் வைத்தியரின் முன்னால் நோயாளி காட்டும் சமத்து போலத்தான். வாடிக்கைக்காரர் தினமும் போடுகிற பக்கத்தைப் போட்டுப் பார்த்தால்தான் உண்மையான குறை தெரியும். லேப்டாப்பில் பென்டிரைவ் அப்படியே இருந்தது. அந்த மூலையில் பொடி எழுத்து உள்ள பக்கமாகத் தேடிக்கொண்டு வந்தாள்.

ஆறாவது பக்கத்தில் கறுப்புப் பட்டை. அதில் நீலமாக, பளிச்சென்று, ஒரு வரி. செவ்வாய்க்கிழமை அவர் ஓட்டிக் காட்டியபோது அது வெறும் பட்டையாக இருந்த இடம். எழுத்தின் ஓரம் பிசிறில்லாமல் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் கிட்டே போய்ப் பார்த்தாள். பிசிறில்லை. அப்புறம்தான் படித்தாள்.

'பிரேக் பரிசோதனைத் தேதி தாண்டி ஓடும் வண்டிகள்.' அதன் கீழே நம்பர்கள். நான்காவது நம்பரில் அவள் கண் நின்றுவிட்டது.

மூன்று மணிக்கு ஸ்லைடு சார் வந்தபோது, அவள் சுவரின் மூலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். நீல எழுத்து அவள் தோளிலும் பாதி விழுந்திருந்தது.

"நாப்பத்தேழு எத்தனை மாசமா?" என்று கேட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றவில்லை. "மூணு மாசம்."

"அவன் செவ்வாய்க்கிழமை சாப்பிடறப்ப கேட்டானே."

"நான் மறைக்கலை. போட்டிருக்கேன், பாரு. நீயே படிக்கிற."

"நேத்து வரைக்கும் யாரு படிச்சா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"உங்க முட்டையும் அவன் முட்டையும் ஒரே பாத்திரத்துலதானே வேகுது? எப்படிங்க தொண்டையில இறங்குச்சு?"

"மேனேஜர் சொன்னாரு. ஷெட்ல சாமான் இல்லன்னாங்க. நான் என்ன செய்ய முடியும்? என் கையில ஒரு ஸ்பேனராவது இருக்கா? நான் எழுதறவன். எழுதிட்டேன்."

"எழுதிட்டு அழிஞ்சு போற இடமா பார்த்து வச்சீங்க."

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவனுக்கு டபுள் ட்யூட்டி, ஆறு மணி வரைக்கும் வண்டியில். ஓட்டும்போது போனை எடுக்க மாட்டான் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அழுத்தினாள். இப்போது நடப்பது அவள் முறை ஆயிற்று. வாசலுக்குப் போவாள், தெருமுனை வரை பார்ப்பாள், உள்ளே வந்து புரொஜக்டரை அணைப்பாள், வரி கண்ணில் படாவிட்டால் இன்னும் பயமாக இருந்ததால் மறுபடி போடுவாள். ஸ்லைடு சார் ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப ஆஸ்பத்திரி ஸ்டாப். இப்ப மார்க்கெட். இனிமே மேம்பாலம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எல்லா வண்டியின் நேரமும் அவருக்கு மனப்பாடம்.

"வாயை மூடுங்க" என்றாள் அவள்.

தம்பி ஆறே முக்காலுக்கு வந்தான். அவள் ஓடிப்போய் அவன் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தாள், விழுந்து எழுந்தவனைப் பார்ப்பது போல. சுவரைக் காட்டினாள். அவன் நின்றபடியே படித்தான். முதலில் சிரித்தான்.

"அட, நம்ம வண்டி படத்துலயே வந்துடுச்சே" என்றவன், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு திரும்பினான். "மாமா, நான் உங்க கிட்டதானே கேட்டேன்?"

ஸ்லைடு சாருக்கு அது போதும். அதற்குமேல் யார் என்ன திட்டினாலும் அவருக்கு ஏறியிருக்காது.

"நாளைக்கு நீ போகாதே" என்றாள் அக்கா. "காய்ச்சல்னு சொல்லு. இப்பவே போன் பண்ணு. என் எதிர்லயே பண்ணு."

அவன் பண்ணினான். அந்தப் பக்கத்தில் யாரோ சலித்துக்கொண்டார்கள், சரி என்றார்கள். போனை வைத்ததும் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. லென்ஸக்கா உலை வைத்தாள். ஸ்லைடு சார் துணிந்து பக்கத்தில் போய் நின்றார்.

"அவன்தான் வீட்ல இருக்கானே. இந்த ஒரு கூட்டம் மட்டும்... அந்தத் தாள் சாசர்லதானே இருக்கு?"

"தேமல் போனது போனதுதான். அதை நான் திருப்பி ஒட்ட மாட்டேன். என் கையால தொட்டுக் கெடுத்த புரொஜக்டர்னு ஒண்ணு ஊர்ல இருக்கக் கூடாது. உங்க ஸ்லைடுல நீங்க என்ன போடறீங்க, எங்க போடறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். அது உங்க பாடு."

அவள் இன்னும் கடுமையாக ஏதாவது சொல்வாள் என்று பயந்திருந்தார். அதோடு விட்டது அவளுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. தம்பி பின்னறையில் துணி மடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் மனசு சமாதானமாகிவிட்டது. அதோடு அந்தப் பதினோரு புரொஜக்டரும் மனசில் இல்லாமல் இல்லை. பிழைப்பு நடத்துகிறவளுக்கு அந்த ஆசையும் கூடாது என்றால் எப்படி?

வெள்ளிக்கிழமை காலை அவளே ஏணியில் ஏறிப் புரொஜக்டரைக் கூரையில் மாட்டினாள். அரை மணி நேரம் சூடு எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதால் பின்பக்க ஜன்னலோரமாக நின்றுகொண்டாள். கீழே வண்டிகள் நிற்கும் முற்றம். டீசல் வாசனை மேலே வரைக்கும் வந்தது. காற்று இல்லாமல் மேகம் இன்னும் அப்படியே நின்றது.

அறையில் எட்டுப் பேர். ஸ்லைடு சார் அந்த வரியை இடம் மாற்றவில்லை. "இருந்த இடத்துலயே இருக்கட்டும். புதுசா இடம் மாத்தினாத்தான் கண்ணை உறுத்தும்" என்று மேனேஜர் காலையிலேயே காதில் சொல்லியிருந்தார். முதல் பக்கம் சுவரில் விழுந்ததும், "அட!" என்றார் மேடம். "புதுசு மாதிரியே இருக்கே. யாரும்மா, நீங்களா பண்ணது? இருங்க, மத்த பதினோரு கிளைக்கும் இப்பவே எழுதிடறேன்." அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஆறாவது பக்கம் வந்தது. கறுப்புப் பட்டையில் நீல எழுத்து கண்ணைப் பறித்தது. ஸ்லைடு சாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் ஆயிற்று. ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று வருடமாக எல்லோருடைய கண்ணும் அந்த மூலைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்று பழகிவிட்டது. இப்போது வழி திறந்தும் அதற்கு மேலே போகத் தெரியவில்லை. மேனேஜர் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினார். நோட்டு கைமாறிக் கைமாறி வந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்லைடு சார் பேனாவைத் திறந்தார். தப்பித்துவிட்டோம் என்று தோன்றியது.

லென்ஸக்கா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்காகச் சந்தோஷப்படுகிறோமா என்று தன்னையே கேட்டுக்கொண்ட நேரத்தில் கீழே ஒரு வண்டி பின்னால் வந்து திரும்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நாற்பத்தேழு. ஜன்னல் வரிசை முழுக்கத் தலைகள். டிரைவர் சீட்டில் ஒரு மெலிந்த பையன் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

டீ கொண்டுவந்த பியூனை அவள் பிடித்து நிறுத்தினாள். "அந்த வண்டியை யாரு எடுக்கறா?"

"ஸ்பேர் டிரைவர்மா. உங்க தம்பிக்குக் காய்ச்சலாமே? இவன் போன வாரம்தான் சேர்ந்தான். அந்த வண்டிக்கு இன்னைக்குத்தான் முதல் தடவை."

ரெண்டு மிதி கேக்குது என்று தம்பி சொன்னதை இவனுக்கு யார் சொல்வார்கள்? தம்பியை இறக்கினால் வண்டி நின்றுவிடும் என்று எப்படி நினைத்தாள்? நினைக்கவே இல்லை. தம்பி இறங்கினால் போதும் என்று இருந்துவிட்டாள். நேற்று உலை வைத்தபோது வந்த அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது. அவள் கணவரும் மூன்று வருடமாக இதே மாதிரி ஒரு நிம்மதியில்தானே இருந்தார்?

"மேடம்" என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "எழுதறதை அப்புறம் எழுதலாம். அந்த மூலையைப் படிங்க."

"எந்த மூலை?"

"வலது பக்கம், கீழே. நீல எழுத்து."

மேனேஜர் எழுந்தார். "அது ஒண்ணுமில்ல மேடம், வழக்கமா வர்ற பக்கம்தான். அடுத்த ஸ்லைடு போடுங்க சார்."

ஸ்லைடு சாரின் விரல் பட்டன்மேல் இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். ஏழு நம்பரையும் படித்தார். படித்து முடித்ததும் அறையில் புரொஜக்டரின் ஃபேன் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு நன்றாக அவள் அதைச் சரிசெய்திருந்தாள்.

"இந்த வண்டியெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார் மேடம்.

ஸ்லைடு சார்தான் எழுந்து நின்றார். "மூணு ரூட்ல இருக்கு மேடம். ஒண்ணு ஸ்டாண்டுல. ரெண்டு மதியம்தான் எடுப்பாங்க. நாப்பத்தேழு..." கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பத்தான் கேட்டுக்குப் போகுது. போனா நேரே மேம்பாலம்."

சொல்லிவிட்டு ஓடினார். முப்பது வருட வேலையில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. லென்ஸக்கா ஜன்னலில் குனிந்தாள். அவர் முற்றத்தைக் குறுக்காகக் கடந்து, கையை ஆட்டிக்கொண்டே ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போனார். கேட் ஷெட்டுக்கு அந்தப் பக்கம். மேலேயிருந்து தெரியாது. அவர் வண்டிக்கு முன்னால் போய்த்தான் நிற்பார் என்று அவளுக்கு உறைத்தபோது அவர் கண்ணுக்கு மறைந்துவிட்டார்.

"ஓரமா நில்லுங்க!" என்று கத்தினாள். அவருக்குக் கேட்டிருக்காது.

ஹாரன் நீளமாக ஒலித்தது. சக்கரம் இழுபடும் சத்தம். அது நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் இழுபடும் சத்தம். அப்புறம் பல பேர் சேர்ந்து கத்தினார்கள். ஒரு ஆள் மட்டும் தனியாக, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று திட்டினான். திட்டுகிறான் என்றால் எதிரே உயிரோடு ஆள் இருக்க வேண்டும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் போனில் மற்ற வண்டிகளை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஸ்லைடு சார் மேலே வந்தார். ஒரு செருப்பு இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, சட்டையில் புழுதி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்தியாச்சு மேடம். எல்லாரையும் இறக்கியாச்சு."

"பிரேக் எப்படி இருக்கு?"

"ரெண்டு கையையும் நீட்டி நடுவுல நின்னேன். பையன் நல்லாத்தான் பார்த்தான், பார்த்த உடனே மிதிச்சான். நின்னதுக்கப்புறம் நான் காலடி வச்சு அளந்தேன்." அவருக்கு மூச்சு திணறியது. "நான் நின்ன இடத்தைத் தாண்டிப் பதினாலு அடி போய் நின்னிருக்கு."

மேனேஜர் நோட்டை மூடினார்.

லென்ஸக்கா எழுந்து வந்து அவருடைய முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். "நடுவுல நின்னேங்கறீங்களே. அப்புறம் எப்படிங்க?"

"குதிச்சுட்டேன்" என்றார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அது நிக்காதுன்னுதான் எனக்குத் தெரியுமே."